டர்பன்: தேர்தலே வராமல் மாகாண அமைச்சர்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்?

துறைமுகத்தான்:

வணக்கம் எல்லாருக்கும். 2020 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன், இதை எழுதும் 2024இல் முழுசாக ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. கட்டடப் பொருள் சப்ளை செய்யும் சின்ன கம்பெனியில் கணக்கு வேலை, டெண்டர் காகிதங்களும் என் தலையில்தான். அதனால் மாதத்துக்கு இரண்டு தடவையாவது மாகாணத் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பேன்.

அங்கே சுவரில் மூன்று படம் மாட்டியிருப்பார்கள். நாட்டின் அதிபர், மாகாணத்தின் பிரீமியர் (நம்ம ஊர் முதல்வர் மாதிரி), அப்புறம் துறையின் எம்இசி, அதாவது மாகாண அமைச்சர். நான் முதலில் போனபோது பிரீமியர் சிஹ்லே ஜிகலாலா. வீட்டுவசதிக்கும் பொதுப்பணிக்கும் சேர்த்து எம்இசி பெக்கி ங்கொன்யேனி. கொஞ்ச நாளில் அவர் படம் போய் ஜோமோ சிபியா படம் வந்தது. அப்புறம் பிரீமியர் படமே மாறி நோமுசா டூபே-ந்சூபே வந்தார், பக்கத்தில் சிபோ ங்கோசி. 2024 தேர்தலுக்குப் பிறகு மறுபடி போனால் தாமி ந்தூலி. எம்இசி இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு பளிச்சென்று சதுரமாகத் தெரிந்தது, சுற்றி எல்லாம் பழுப்பு. "துறை இரண்டாகப் பிரிந்துவிட்டது, யார் படம் வைப்பது என்று இன்னும் சொல்லவில்லை" என்றார் அங்கே இருந்த அம்மா.

நடுவில் வந்தது ஒரே ஒரு மாகாணத் தேர்தல். அதற்குள் மூன்று பிரீமியர், ஒரு துறைக்கு மூன்று அமைச்சர், இப்போது துறையே இரண்டு! இது எப்படி நடக்கிறது? என்னோடு வேலை செய்யும் ஜூலு பெரியவர் ஒருவர், "ஜேக்கப் ஜூமாகூட இந்த மாகாணத்தில் அமைச்சராக இருந்தவர்தான், அதுவும் எதிர்க்கட்சியின் அமைச்சரவையில்" என்கிறார். அது உண்மையா? இன்னொன்று, வேறோர் அலுவலகத்தில் (எது என்று சொல்ல விரும்பவில்லை) எங்கள் பில் நாலு மாதமாக நிற்கிறது. கேட்டால் "புது எம்இசி வந்திருக்கிறார், பொறுங்கள்" என்கிறார்கள். எம்இசிக்கே கடிதம் எழுதினால் ஏதாவது நடக்குமா?

பழைய டர்பன்வாசி:

தம்பி, நான் 1993 கடைசியில் இங்கே வந்தவன். நீங்கள் கேட்ட கதையில் பெரும்பகுதியைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர் சொன்னது உண்மை. 1994 ஏப்ரல் தேர்தலில் நம்ம மாகாணமான குவாஜூலு-நடாலின் சட்டமன்றத்துக்கு 81 இடம். ஜூலு மக்களிடையே வேரூன்றிய இன்காதா கட்சிக்கு 41, மண்டேலாவின் ஏஎன்சி கட்சிக்கு 26, பழைய ஆட்சிக்கட்சியான நேஷனல் பார்ட்டிக்கு 9. ஒரே ஓர் இடம் அதிகம் என்றாலும் இன்காதாவுக்குத் தனிப்பெரும்பான்மை. ஆனாலும் தனியாக அமைச்சரவை அமைக்க முடியாது. அப்போது நடப்பில் இருந்தது 1993 இடைக்கால அரசியல் சட்டம், அதில் பத்து சதவீத இடம் வாங்கிய எந்தக் கட்சிக்கும் அமைச்சரவையில் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். அதனால் முதல் பிரீமியர் ஃபிராங்க் ம்த்லலோசே இன்காதாக்காரர், அவர் மேஜையிலேயே ஏஎன்சிக்காரர்களும் உட்கார்ந்தார்கள். ஜேக்கப் ஜூமாவுக்குப் பொருளாதாரமும் சுற்றுலாவும், ஸ்வேலி ம்கீஸேக்கு சுகாதாரம், ஸ்பு ந்தெபேலேக்குப் போக்குவரத்து.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு இங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த இரண்டு கட்சி ஆட்களும் கிராமம் கிராமமாக, டவுன்ஷிப் டவுன்ஷிப்பாக வெட்டிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் இருந்த காலம் அது. தேர்தல் முடிந்ததும் அதெல்லாம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. வெளியே பிணம் விழுந்துகொண்டிருக்கும்போது உள்ளே இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரே கோப்பில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குத் தலைநகர் வேறு இரண்டு, ஜூலு நாட்டின் நடுவில் உலுண்டி, வெள்ளைக்காரர் காலத்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க். அமைச்சர்களும் அதிகாரிகளும் கோப்புகளைக் காரில் ஏற்றிக்கொண்டு இரண்டு ஊருக்கும் மணிக்கணக்கில் அலைந்தார்கள். 2004 வரைக்கும் இந்த அலைச்சல்தான்.

அந்த மூன்று பேருமே அப்புறம் எங்கே போனார்கள் பாருங்கள். ஜூமா 2009இல் நாட்டின் அதிபர். ந்தெபேலே 2004இல் இங்கே பிரீமியர், அவருக்குப் பின் 2009இல் ம்கீஸே. நீங்கள் வந்த புதிதில் கோவிட் நேரத்தில் டிவியில் தினமும் பார்த்திருப்பீர்களே சுகாதார அமைச்சரை, அவர்தான் இந்த ம்கீஸே. உங்கள் கம்பெனியில் சிமெண்ட் வாங்க வரும் சின்ன காண்ட்ராக்டர்கள் "வூகுஜாகே" என்று ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சாலை வேலைகளைச் சின்ன கறுப்பின ஒப்பந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்து அவர்களைப் படிப்படியாக வளர்த்துவிடும் அந்தத் திட்டம் ந்தெபேலே போக்குவரத்து எம்இசியாக இருந்தபோது வந்தது. அவர் அந்த நாற்காலியில் 1994 முதல் 2004 வரை இருந்தார். பத்து வருஷம் ஒரே துறை! இன்றைக்கு அதை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

1997இல் ம்த்லலோசே விலகி பென் ங்குபானே வந்தார், அவரும் இன்காதாதான். 1999 தேர்தலில் கணக்கு மாறியது. இடம் 80 ஆனது, இன்காதாவுக்கு 34, ஏஎன்சிக்கு 32. புதிய அரசியல் சட்டத்தில் அந்தப் பத்து சதவீத விதி கிடையாது. சட்டம் சொல்லாவிட்டாலும் எண்ணிக்கை சொன்னது, 41 யாரிடமும் இல்லை, சேர்ந்துதான் ஆக வேண்டும். லயனல் ம்ட்ஷாலி பிரீமியர், ஏஎன்சிக்காரர்கள் எம்இசிகள். அப்புறம் கட்சி தாவும் சட்டத்தை வைத்து இரண்டு கட்சிக்கும் சண்டை முற்றியது. 2002 டிசம்பரில் ம்ட்ஷாலி இரண்டு ஏஎன்சி எம்இசிகளை (டுமிசானி மகாயே, மைக் மபுயகுலு) வெளியே அனுப்பிவிட்டு டிஏ கட்சியில் இருந்து ராஜர் பரோஸையும் வில்சன் ங்கோபோவையும் உள்ளே கொண்டுவந்தார். எனக்கு அந்த வாரம் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரே பயம், மறுபடி 90களின் தொடக்கம் மாதிரி ஆகிவிடுமோ என்று. அமைச்சரவை மாற்றம் என்றால் இங்கே ஒரு தலைமுறைக்கு அந்த அர்த்தம்தான் இருந்தது.

2004இல் ஏஎன்சி 38 வாங்கி முதல் கட்சியாக வந்தது. அப்போதும் பெரும்பான்மைக்கு மூன்று குறை. 2009இல்தான் 51. அங்கிருந்துதான் நீங்கள் கேட்கும் கதை தொடங்குகிறது. ஒரே கட்சியிடம் பெரும்பான்மை வந்த பிறகு அமைச்சரவை சட்டமன்றத்தில் முடிவாகவில்லை, கட்சி மாநாட்டில் முடிவானது. மாகாணக் கட்சித் தலைவர் யாரோ அவரே பிரீமியர், அல்லது அவருக்கு வேண்டியவர். மாநாட்டில் தோற்றால் நாற்காலி ஆட்டம் காணும், அவரோடு வந்தவர்களும் போவார்கள்.

வரிசையாகப் பாருங்கள். ம்கீஸே 2012 கடைசியில் கட்சியின் தேசியப் பொருளாளர் ஆனார், அதனால் 2013இல் பிரீமியர் பதவியை விட்டார். வந்தவர் சென்சோ ம்சுனு, அதுவரை கல்வி எம்இசி. 2015 நவம்பர் கட்சி மாநாட்டில் சென்சோவை ஜிகலாலா தோற்கடித்தார், 2016 மே மாதம் சென்சோவைப் பதவி விலகச் சொன்னது கட்சி. அடுத்து வில்லீஸ் ம்சுனு, அதே குடும்பப் பெயர்தான், ஆனால் வேறு ஆள். அவர் அமைச்சரவையில் ஜிகலாலாவுக்குப் பொருளாதார வளர்ச்சி. இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒரு விஷயம் உண்டு. 2017 செப்டம்பரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அந்த 2015 மாநாடே செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் அந்த மாநாட்டின் விளைவாக மாறிய பிரீமியரும் அமைச்சர்களும் அப்படியே இருந்தார்கள். மாகாணத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழ்கிறோம், எங்களை யார் ஆள்வது என்று முடிவு செய்த கூட்டம் செல்லாதாம், ஆட்சி மட்டும் செல்லுமாம். சட்டப்படி இரண்டும் வேறு என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

2019இல் ஜிகலாலா பிரீமியர். 2022 ஜூலை மாநாட்டில் சிபோனிசோ டூமாவிடம் தோற்றார், ஆகஸ்டில் விலகினார். நோமுசா டூபே-ந்சூபே வந்தார், இந்த மாகாணத்தின் முதல் பெண் பிரீமியர். அவர் அமைச்சரவையிலேயே ஜிகலாலா உள்ளாட்சி எம்இசியாக உட்கார்ந்தார், நேற்று வரை தலைவர், இன்று அதே மேஜையில் உறுப்பினர். சில மாதத்தில், 2023 மார்ச்சில், தேசிய பொதுப்பணி அமைச்சராகப் போய்விட்டார். நீங்கள் சுவரில் பார்த்த படங்கள் எல்லாம் இந்த மாநாடுகளின் நிழல்தான் தம்பி.

ம்த்லலோசேயில் இருந்து எண்ணினால் ந்தூலி பத்தாவது பிரீமியர், முப்பது வருஷத்தில். முந்தைய ஒன்பது பேரில் ஐந்து வருஷக் காலத்தை முழுசாக முடித்தவர்கள் ம்ட்ஷாலியும் ந்தெபேலேயும் மட்டும்தான்.

சட்டப்புத்தகம்:

அண்ணா வரலாற்றைச் சொல்லிவிட்டார், நான் பில் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு திருத்தம். துறை இரண்டாகப் பிரிந்தது என்று அந்த வரவேற்பறை அம்மா சொன்னார் இல்லையா, உண்மையில் அது பிரியவே இல்லை. வீட்டுவசதித் துறையும் பொதுப்பணித் துறையும் எப்போதுமே இரண்டு தனித் துறைகள். தனித்தனி பட்ஜெட், தனித்தனி துறைத் தலைவர் (எச்ஓடி என்பார்கள்). ஓர் எம்இசி இரண்டுக்கும் மேலே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். 2024 தேர்தலுக்குப் பிறகு பொதுப்பணி டிஏ கட்சியின் மார்ட்டின் மையரிடம் போனது, வீட்டுவசதி போக்குவரத்தோடு சேர்ந்து ஏஎன்சியின் டூமாவிடம் போனது. மேலே இருக்கும் குடை மாறியது, கீழே இருக்கும் ஆட்கள் அதே ஆட்கள்.

ஏன் இப்படி ஒட்டியும் வெட்டியும் வைக்கிறார்கள்? அரசியல் சட்டத்தின் 132ஆவது பிரிவைப் பாருங்கள். பிரீமியரைத் தவிர குறைந்தது 5, அதிகபட்சம் 10 எம்இசி, அதற்கு மேல் ஒருவரைக்கூடப் போட முடியாது. துறைகளோ பத்துக்கு மேல். அதனால் எதையாவது எதனோடாவது சேர்த்தே ஆக வேண்டும், எதை எதோடு சேர்ப்பது என்பது பிரீமியர் இஷ்டம். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எம்இசி கட்டாயம் சட்டமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். தேசிய அமைச்சரவையிலாவது அதிபர் வெளியில் இருந்து இரண்டு பேரை எடுக்கலாம், மாகாணத்தில் அதுவும் இல்லை. வெளியாள் ஒருவரை எம்இசி ஆக்க வேண்டுமென்றால் முதலில் ஓர் உறுப்பினரை ராஜினாமா செய்யச் சொல்லி, அந்த இடத்தில் கட்சிப் பட்டியலில் இருந்து இவரைக் கொண்டுவர வேண்டும். திடீரென்று யாரோ ஓர் உறுப்பினர் "சொந்தக் காரணத்துக்காக" விலகினார் என்று செய்தி வந்தால், அடுத்த வாரம் அமைச்சரவை மாறுகிறதா என்று பாருங்கள்.

இப்போது உங்கள் பில். எம்இசிக்கு எழுதாதீர்கள், எழுதிப் பிரயோஜனம் இல்லை. 1999ஆம் வருஷத்துப் பொது நிதி மேலாண்மைச் சட்டப்படி (பிஎஃப்எம்ஏ என்று எல்லாரும் சொல்வார்கள்) துறையின் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் எச்ஓடி, எம்இசி இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், இன்வாய்ஸ் கிடைத்த 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது கருவூல விதி. எச்ஓடியின் கடமை அது. "புது எம்இசி வந்திருக்கிறார்" என்பது அந்த விதியில் எங்கேயும் ஒரு காரணமாக இல்லை. எச்ஓடிக்கும் தலைமை நிதி அதிகாரிக்கும் ஒரே கடிதம், இன்வாய்ஸ் அவர்கள் கையில் கிடைத்த தேதிக்கு முத்திரை போட்ட நகல், பர்ச்சேஸ் ஆர்டர் எண், பொருள் இறக்கியதற்கான கையெழுத்துச் சீட்டு. பதில் வரவில்லை என்றால் மாகாணக் கருவூலத்துக்கு நகல் அனுப்புங்கள்.

ஆனாலும் மாற்றத்துக்கும் தாமதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எச்ஓடிகளை நியமிப்பது பிரீமியர். பிரீமியர் மாறினால் எச்ஓடியின் ஒப்பந்தம் முடிந்து வேறொருவர் "பொறுப்பு" என்று உட்காருவார். பொறுப்பில் இருப்பவர் பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போடத் தயங்குவார், தணிக்கையில் தன் தலையில் விழுமோ என்று. உங்கள் பில் நிற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். படம் மாறுவதைப் பார்க்காதீர்கள், எச்ஓடி அறைக் கதவில் பெயருக்கு முன்னால் "பொறுப்பு" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

நான் கல்யாணமாகி இங்கே வந்தவள். என் மாமியார் வீடு நாலு தலைமுறையாக இந்த ஊர், 1860இல் மதராஸில் இருந்து ட்ரூரோ கப்பல் வந்ததே, அதற்குப் பின்னால் வந்த கப்பல்களில் ஒன்றில் வந்தவர்கள். வீட்டில் தமிழ் பாட்டிலும் பூஜையிலும்தான் மிச்சம், பேச்செல்லாம் ஆங்கிலம். ஆனால் அரசியல் பேச ஆரம்பித்தால் மாமியாரை நிறுத்த முடியாது.

அண்ணா சொன்னதில் விட்டுப்போன ஒன்று. 2004இல் ஏஎன்சிக்கு மூன்று இடம் குறைந்தது என்றாரே, அந்த நேரத்தில் மைனாரிட்டி ஃபிரண்ட் என்று ஒரு சின்னக் கட்சி, சாட்ஸ்வொர்த் மாதிரி இந்தியப் பகுதிகளின் ஓட்டில் நிற்கும் கட்சி, இரண்டு இடம் வைத்திருந்தது. அதன் தலைவர் அமீசந்த் ராஜ்பன்சி, ந்தெபேலே அமைச்சரவையில் விளையாட்டுத் துறை எம்இசி ஆனார். "வங்கப் புலி" என்று அவருக்குப் பட்டப்பெயர். நிறவெறிக் காலத்து மூன்று அவை நாடாளுமன்றத்தில் இருந்தவர் என்பதால் அவரை மன்னிக்காதவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு, என் மாமனார் கடைசி வரை மன்னிக்கவில்லை. மாமியார் கட்சி வேறு. சாக்கடை அடைத்தாலும் பென்ஷன் வராவிட்டாலும் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது என்பார். 2009இல் ஏஎன்சிக்கு 51 வந்ததும் சின்னக் கட்சியின் தயவு தேவைப்படவில்லை. 2011 கடைசியில் அவர் இறந்துபோனார். 2024 தேர்தலில் அந்தக் கட்சிக்கு மாகாணத்தில் ஓர் இடம்கூட இல்லை.

எல்லாரும் மாறிக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். ரவி பிள்ளையைப் பாருங்கள். 2011இல் ம்கீஸே அவரை வீட்டுவசதி எம்இசி ஆக்கினார். சென்சோ வந்தார், அவர் இருந்தார். வில்லீஸ் வந்தார், இருந்தார். ஜிகலாலா வந்தார், நிதித் துறை கொடுத்தார், அப்புறம் பொருளாதார வளர்ச்சி. நாலு பிரீமியர், பத்து வருஷத்துக்கு மேல். 2022இல் டூபே-ந்சூபே பட்டியலில்தான் அவர் பெயர் இல்லை. சிபோங்கிசேனி த்லோமோ அதே மாதிரி, 2009 முதல் 2019 வரை சுகாதாரம், மேலே பிரீமியர்கள் மூன்று பேர். இத்தனை மாநாட்டுச் சண்டைக்கு நடுவிலும் சில பேரை யாரும் அசைக்கவில்லை என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். வேலை தெரிந்தவர் என்பதா, எந்த அணிக்கும் பகை இல்லாதவர் என்பதா, எனக்கு இரண்டும் சேர்ந்ததுதான் என்று தோன்றுகிறது.

2021 ஜூலை கலவரம் நினைவிருக்கிறதா? பக்கத்தில் கடைகள் எரிந்த புகை எங்கள் வீட்டுத் துணியில் ஒரு வாரம் போகவில்லை. ரொட்டிக்கும் பாலுக்கும் விடியற்காலையில் வரிசை. மாமியார் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது பொருளாதாரத் துறை எம்இசி ரவி பிள்ளைதான், ரேடியோவில் அந்தப் பெயர் வந்தால் நிமிர்ந்து உட்காருவார். அவருக்கு அந்த அமைச்சர் சொன்ன எண்கள் முக்கியமில்லை. இந்த மண்ணில் கரும்பு வெட்ட வந்தவர்களின் பெயர் ஒன்று, அந்த மேஜையில் இருந்து, அந்த நாளில் பேசுகிறது என்பது முக்கியம். 2024 தேர்தலுக்குப் பிறகு வந்த பத்து எம்இசிகளில் இந்திய வம்சாவளிப் பெயர் ஒன்றுகூட இல்லை. ஓட்டு எண்ணிக்கை அப்படி, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு வருத்தம்தான், அதை மறைக்க விரும்பவில்லை.

துறைமுகத்தான்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, கலவரத்தின்போது நானும் இங்கேதான் இருந்தேன், அந்த ரொட்டி வரிசையை மறக்க முடியாது.

கடிதத்தை எச்ஓடிக்கு மாற்றிவிட்டேன். ஆனால் முத்திரை போட்ட நகல் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, மற்ற இரண்டு இன்வாய்ஸும் ஈமெயிலில் அனுப்பியவை. இனிமேல் நேரில் கொடுத்து முத்திரை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். 2024 தேர்தலுக்குப் பிறகு அமைந்தது நாலு கட்சிக் கூட்டணி என்கிறார்கள். இது எத்தனை நாள் நிற்கும்? மறுபடி ஒரு வருஷத்தில் படம் மாறுமா?

பழைய டர்பன்வாசி:

எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது தம்பி, ஆனால் கணக்கைச் சொல்கிறேன், அதைப் பார்த்தாலே பாதி புரியும்.

2024 தேர்தலில் 80 இடத்தில் ஜூமாவின் எம்கே கட்சிக்கு 37. அதுதான் பெரிய கட்சி, அப்போது பிறந்து சில மாதமே ஆன கட்சி. இன்காதா 15, ஏஎன்சி 14, டிஏ 11, ஈஎஃப்எஃப் 2, என்எஃப்பி 1. 2014இல் 52 வைத்திருந்த ஏஎன்சிக்கு 14! இன்காதா, ஏஎன்சி, டிஏ, என்எஃப்பி நாலையும் கூட்டினால் சரியாக 41. 2024 ஜூன் 14 அன்று ரகசிய வாக்கெடுப்பில் ந்தூலிக்கு 41, எம்கே நிறுத்திய வேட்பாளருக்கு 39. ஒரு வாக்குகூட இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நழுவவில்லை. 1994இல் இன்காதாவின் அமைச்சரவையில் உட்கார்ந்த ஜூமாவின் கட்சி, இன்றைக்கு முதலிடம் வாங்கியும் வெளியே நிற்கிறது. இன்காதா இருபது வருஷம் கழித்து மறுபடி பிரீமியர் நாற்காலியில்.

2024 ஜூனில் பத்து எம்இசியையும் பங்கு போட்டார்கள். இன்காதாவுக்குப் பிரீமியர் போக நாலு: முசா ஜோண்டிக்குப் பொருளாதாரம், துலசிஸ்வே புத்தெலேசிக்கு உள்ளாட்சி, அப்புறம் விவசாயமும் விளையாட்டு, கலையும். ஏஎன்சிக்கு மூன்று, ஆனால் கனமான மூன்று: கல்வி, சுகாதாரம், டூமாவின் போக்குவரத்தும் வீட்டுவசதியும். கல்வியும் சுகாதாரமும் மட்டுமே மாகாண பட்ஜெட்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். செலவு ஏஎன்சி கையில், பெட்டிச் சாவி டிஏ கையில், நிதி எம்இசி ஃபிரான்சுவா ராஜர்ஸ். என்எஃப்பியின் அந்த ஓர் உறுப்பினர் ம்பாலி ஷிங்காவுக்கு சமூக நலத் துறை. 2009க்குப் பிறகு முதல் தடவையாக இங்கே ஓர் எம்இசியை நீக்குவது கட்சி மாநாட்டில் முடிவாகிற விஷயமாக இல்லை. நீக்கினால் கூட்டணி ஆடும். ஒரு வகையில் நாம் 1999க்குத் திரும்பியிருக்கிறோம், ஆனால் இந்தத் தடவை தெருவில் பயம் இல்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

சட்டப்புத்தகம்:

ஒரு நுணுக்கம் சேர்க்கிறேன், யாரும் இதைக் கவனிப்பதில்லை. அந்த என்எஃப்பி உறுப்பினர் ஒருவர் எதிரணிக்குப் போனால் 40க்கு 40. ஆனால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற 141ஆவது பிரிவுப்படி மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும், அதாவது 41. எதிரணியிடம் 40தான், தீர்மானம் தோற்கும், ந்தூலி இருப்பார்.

பட்ஜெட் மசோதா வேறு கதை. அதற்குப் போட்ட வாக்குகளில் பெரும்பான்மை போதும். சபாநாயகர் நொன்டெம்பேகோ போயிஸ் ஏஎன்சிக்காரர், சபையை நடத்தும்போது அவருக்குச் சாதாரண வாக்கு கிடையாது, சமமாக வந்தால் மட்டுமே போட வேண்டும். அப்படியென்றால் ஆளும் பக்கம் 39, எதிர்ப்பக்கம் 40. பிரீமியரை நீக்க முடியாது, ஆனால் பணம் ஒதுக்கவிடாமல் தடுக்க முடியும். சுவரில் படங்கள் அப்படியே இருக்கும், உங்கள் பில்லுக்கு மட்டும் பணம் இருக்காது.

அதனால் துறைமுகத்தான், அந்த இரண்டு ஈமெயில் இன்வாய்ஸையும் இந்த வாரமே அச்செடுத்து நேரில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள். மாகாண நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் இந்த வருஷக் கணக்கில் ஏறாவிட்டால் அடுத்த பட்ஜெட்டுக்குத் தள்ளிவிடுவார்கள்.